சாலையோரப் பூவும் ஒரு ஜோடிக் கையுறையும்

கல்யாணச் செலவு பெண் வீட்டாருடையது. அதற்கு முந்தின நாள் தேவாலயத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து மட்டும் மாப்பிள்ளை வீட்டாருடையது. ஒஹாயோவில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினால் ஊர் வாயை மூடாது. டார்லா இந்த ஒரு வழக்கத்தைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக் கல்யாணத்தில் அவள் பெற்ற மகன்தான் மாப்பிள்ளை என்றாலும், அவளுக்கு அங்கே இருந்த வேலை பழுப்பு நிறத்தில் உடுத்தி முன்வரிசையில் உட்காருவதுதான். நிறத்தைக்கூடச் சம்பந்தியம்மா கோரின்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

விருந்தையும் பிடுங்கிக்கொள்ளத்தான் பார்த்தாள். "எங்க கிளப்லயே வச்சுக்கலாம் டார்லா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று தேன் தடவிப் பேசினாள். டார்லா மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஊர்த் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தைப் பிடித்தாள். பன்றிக்கறியை மெதுவாக வேகவைத்து உதிர்த்து ரொட்டியில் வைத்துத் தருவது, சீஸ் போட்ட உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் சாலட், பீச் பழம் அடைத்துச் சுட்ட பை பலகாரம். எல்லாம் அவள் கையால். மேசைக்கு நடுவில் வைக்கிற அலங்காரத்தையும் அவளே செய்வாள். பூக்கடைக்குக் கொடுக்க அவளிடம் காசில்லை என்பது உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து இத்தனை வருஷம் சேர்த்து வைத்த ஊறுகாய் பாட்டில்களும், ஊர் முழுக்க ஓசியில் பூத்துக் கிடக்கிற பூவும் இருந்தன.

வியாழக்கிழமை காலையில் டார்லாவும் அவள் சிநேகிதி ஜோலீனும் பிக்கப் வண்டியை நடந்து போகிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு, சோளக்காட்டு ஓரமாக நிறுத்தி நிறுத்திப் பூ அறுத்தார்கள். ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் சாலைகள் இரண்டு பக்கமும் வெள்ளையாகிவிடும். காட்டுக் கேரட் செடிதான். ஆன் ராணியின் லேஸ் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோம், பேச்சுக்கு ராணிப்பூ.

"கல்யாணத்துக்குப் பூ வாங்குறதுன்னா இப்படித்தான் வாங்கணும்" என்றாள் ஜோலீன். "கடைக்காரன் மூஞ்சியே பார்க்க வேண்டாம்."

"வாயாடாம அறு. தண்டு நீளமா வேணும்."

டார்லா ஒவ்வொரு தண்டையும் அறுத்ததும் கட்டைவிரலால் ஒரு முறை கீழிருந்து மேலாகத் தடவிவிட்டுத்தான் வாளியில் போட்டாள். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். ராணிப்பூ மாதிரியே ஹெம்லாக் என்று ஒரு விஷச்செடி இந்தப் பக்கம் உண்டு. அதன் தண்டு மழுமழுவென்று ஊதாப் புள்ளியோடு இருக்கும். ராணிப்பூவின் தண்டில் முடி இருக்கும். "ராணிக்குக் காலில் முடி" என்று சொல்லித்தான் இங்கே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். அவள் மகன் வெஸ்லி, கூப்பிடுவது வெஸ், நாலு வயதிலேயே அதைச் சொல்லிக்கொண்டு, வீட்டுக்கு வருகிறவர்களின் காலையெல்லாம் தடவிப் பார்த்து மானத்தை வாங்கியவன். அப்பன்காரன் விட்டுவிட்டுப் போன பிறகு, தாயும் பிள்ளையும் கோடைக்காலம் முழுக்க இந்தப் பூவை அறுத்துச் சந்தையில் விற்றிருக்கிறார்கள்.

"நாளைக்கு அவன் எந்திரிச்சு நாலு வார்த்தை பேசுவான்ல?" என்று கேட்டாள் ஜோலீன்.

"பேசுவான்."

"உன்னப் பத்தி?"

டார்லா கத்தரிக்கோலைத் துடைத்தாள். "இது எங்கம்மா செஞ்சதுன்னு ஒரு வார்த்தை. அந்தக் கூட்டத்துக்கு முன்னாடி. அது போதும்டி எனக்கு. அப்புறம் அவன் அவங்க வீட்டுப் பிள்ளையாவே ஆயிடட்டும்."

அவன் பாதி ஆகிவிட்டிருந்தான். பெண்ணின் அப்பா பல் டாக்டர், நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகளில் அவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்காத ஊர் இந்த மாவட்டத்தில் இல்லை. அவருடைய ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் வெஸ்தான் இப்போது மேனேஜர். அந்த வேலை கிடைத்ததிலிருந்து அவன் அம்மா வீட்டுக்கு வந்தால் உடனே மணி பார்ப்பது என்று ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து வாளிகளில் நீலச் சாயத்தைக் கரைத்தார்கள். கேக்குக்குப் போடுகிற சாயம்தான். ராணிப்பூவின் தண்டு எந்த நிறத்தைக் கொடுத்தாலும் குடித்துவிடும். கல்யாணப் பெண் கெல்சி தன் கல்யாணத்துக்குச் சாம்பல் கலந்த நீலம்தான் நிறம் என்று சொல்லியிருந்தாள். டார்லா அதே நிறம் வருகிற வரைக்கும் ஒரு சொட்டு, அரைச் சொட்டு என்று கலந்து கலந்து பார்த்தாள். பாட்டில்களை வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளைச் சுரண்டினார்கள். கழுத்தில் சணல் கயிறு கட்டினார்கள். விழுந்து கிடந்த பிர்ச் மரத்தை ஜோலீனின் புருஷன் ரம்பத்தால் வட்டம் வட்டமாக அறுத்துக் கொடுத்திருந்தான், ஒவ்வொரு பாட்டிலும் உட்கார ஒரு மரத்தட்டு. சாயங்காலத்துக்குள் பூவின் ஓரங்களில் நீலம் ஏறிவிட்டது. சமையலறையே அழகாகிவிட்டது, பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் வெஸ் வந்தான். வாசலிலேயே நின்று பார்த்தான்.

"இதெல்லாம் என்னம்மா?"

"நாளைக்கு மேசைக்கு. கெல்சியோட நீலம்டா. பாரு."

"கோரின் பூ ஏற்பாடு பண்றேன்னு சொன்னாங்களே. நீ ஏன் கேக்கவே மாட்டேங்குற."

"அவங்க பூ கல்யாணத்துக்கு. இது என் விருந்து."

அவன் ஒரு பாட்டிலிலிருந்து பூவை உருவினான். கட்டைவிரல் தண்டின் மேல் கீழிருந்து மேலாக ஓடியது. அவனுக்கே தெரியாமல்தான் ஓடியது. டார்லாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, மேனேஜருக்குள்ளே இன்னும் தன் பிள்ளை இருக்கிறான் என்று நினைத்தாள். பெற்றவள், அப்படித்தான் நினைப்பாள்.

"நாளைக்கு நீ எதுவும் பேச வேண்டாம்மா" என்றான், பூவைத் திரும்பச் செருகிவிட்டு. "நான் பேசிக்கிறேன். நீ ஆரம்பிச்சா எங்கயாவது போயிடுவ."

"சரிப்பா. நீயே பேசு" என்றாள் டார்லா சந்தோஷமாக.

வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் யார் முன்னே நடப்பது, யார் பின்னே நடப்பது என்று நடந்து பார்த்தார்கள். அதற்குள் ஜோலீன் கூடத்தில் மேசையெல்லாம் போட்டு, வெள்ளைக் காகிதம் விரித்து, நடுவில் மரத்தட்டும் அதன் மேல் நீலப் பூவுமாக வைத்து முடித்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அது தீயணைப்பு நிலையம் மாதிரியே இல்லை. முதலில் உள்ளே வந்த கெல்சி, "ஐயோ, என் கலர்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் நல்ல பெண். வம்பெல்லாம் அவளுக்குப் பின்னால் வந்தது.

கோரின் வாசலைத் தாண்டியதும் நின்றாள். பக்கத்து மேசையைக் குனிந்து பார்த்தாள். கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"டார்லா, இதை எங்க பறிச்சீங்க?"

"ரோட்டோரம்தான். நம்ம பக்கம் எங்க பார்த்தாலும் இருக்குமே."

"அதான் கேட்டேன்." கோரின் செல்போனை எடுத்து ஒரு படத்தைத் தேடினாள். அதைத் தன் தங்கையிடம் காட்டினாள், தங்கை அடுத்தவளிடம் காட்டினாள். "இது ஹெம்லாக். விஷம். நான் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும் பாவம். ஆனா சாப்பாட்டு மேசை மேல வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைங்க இருக்காங்க."

உட்காரப் போனவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"ஹெம்லாக் இல்லைங்க" என்றாள் டார்லா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், இது ஒரு நிமிஷத்தில் தீருகிற விஷயம் என்று நினைத்தாள். "அது ஆகஸ்ட்ல காஞ்சு சருகாயிருக்கும். இது ராணிப்பூ. தண்டைத் தொட்டுப் பாருங்க, முடி இருக்கும்."

"நான் தொடுறதா இல்லை."

"சும்மா தொடுங்க."

"டார்லா. ப்ளீஸ்." கோரின் குரலில் அவ்வளவு பொறுமை. "நல்ல வேளை, நாளைக்கு உள்ள பூவுல கொஞ்சம் இன்னைக்கே வந்திருச்சு. வெளில வேன்ல இருக்கு. ரெண்டு நிமிஷத்துல மாத்திடலாம்."

வேனில் இருந்ததாம். குட்டை ஜாடியில் வெள்ளை ரோஜா, ஒவ்வொன்றும் மேசைக்கு ஏற்ற உயரத்தில், மேசைக்கு ஒன்று. தற்செயலாக வந்ததாம். ஜோலீன் சமையலறைக் கதவிலிருந்து ஒரு கெட்ட வார்த்தையைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

டார்லாவுக்கு இப்போதும் பயம் வரவில்லை. அவளுக்குச் சாட்சி இருந்தானே. "வெஸ்" என்று கூப்பிட்டாள். "நீயே சொல்லுப்பா."

கூடம் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. பல் டாக்டரும் திரும்பினார். வெஸ் மாமியாரைப் பார்த்தான், பிறகு மாமனாரைப் பார்த்தான். பூவை அவன் பார்க்கவே இல்லை.

"எனக்குச் சொல்லத் தெரியலம்மா" என்றான். "ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கும். எதுக்கு வம்பு. எடுத்துடலாம்."

டார்லா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோரின் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை ஒரு ஜோடியை எடுத்து வந்து நீட்டினாள். "சும்மா கையால தொடாதப்பா." அவன் வாங்கினான். மஞ்சள் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிக்கொண்டு, மேசை மேசையாகப் போய்ப் பூவை உருவிக் குப்பைப் பையில் திணித்தான். சின்ன வயதில் ராணிப்பூத் தண்டைப் புல்லைப்போல வாயில் கடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை. கையை முழு நீளத்துக்கு நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு திணித்தான்.

"நீங்களும் கையைக் கழுவிடுங்க டார்லா" என்றாள் கோரின். "சோப்புப் போட்டு."

டார்லா கழுவினாள். ஏன் கழுவினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கோரின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை" என்றாள். டார்லா இன்னொரு தடவையும் கழுவினாள். பின்னால் பல் டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் பலகையில் நின்று நின்று பழகிய குரல், மெதுவாக வராது. "சமைச்சதும் அவங்கதானே? அதே கையாலயா?"

அவ்வளவுதான். விருந்து அத்தோடு முடிந்தது. எல்லாரும் வரிசையில் போனார்கள், தட்டெடுத்தார்கள், ரொட்டியை எடுத்தார்கள். முட்டைக்கோஸை யாரும் தொடவில்லை. கறியைக் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். டார்லாவின் சொந்தக்காரர்களும் ஜோலீனின் புருஷனோடு வந்த தீயணைப்புப் பையன்களும் மட்டும் மலை மலையாகப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் தனியாகக் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். கெல்சி எழுந்து போய் ஒரு தட்டு நிறைய வாங்கி வந்தாள், கோரின் அதை அவள் முன்னாலிருந்து மெல்ல நகர்த்தி வைத்தாள்.

ரோஜாக்கள் மேசை நடுவில் உட்கார்ந்திருந்தன. டார்லா தன் மர வட்டங்களைப் பார்த்தாள். அவற்றை எடுக்கவில்லை, ரோஜா ஜாடியை அவற்றின் மேலேயே வைத்துவிட்டார்கள்.

வெஸ் கரண்டியால் கண்ணாடிக் கிளாஸைத் தட்டி எல்லாரையும் திரும்ப வைத்துவிட்டு எழுந்தான். டார்லா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நடந்த பிறகும் உட்கார்ந்தாள் பாருங்கள். இப்போது சொல்வான், ஏதோ மாமியாருக்குப் பயந்து அப்படிச் செய்துவிட்டான், இப்போது சரி செய்துவிடுவான் என்று அவள் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"எல்லாரும் வந்ததுக்கு நன்றி" என்றான் வெஸ். "முக்கியமா கோரினுக்கு நன்றி சொல்லணும். அவங்க மட்டும் இல்லைன்னா இன்னைக்கு நாம எல்லாரும் கல்யாணத்துக்குப் பதிலா ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்போம்." சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு, நிம்மதியான சிரிப்பு. அது அவனுக்குப் பிடித்துவிட்டது. "எங்கம்மா எதைக் கண்டாலும் பறிச்சுப் பாட்டில்ல போட்டுருவாங்க. அடுத்த பிறந்த நாளுக்கு அவங்களுக்கு ஒரு பூக்கடை கிஃப்ட் கார்டு வாங்கிக் குடுத்துடலாம்னு இருக்கேன்." இன்னொரு சிரிப்பு. "அவங்களால முடிஞ்சதை அவங்க செஞ்சாங்க. அதுவே பெரிசு."

கிளாஸ்கள் உயர்ந்தன. டார்லாவும் உயர்த்தினாள். தண்ணீரைக் குடித்தாள். பிறகு எழுந்தாள்.

"அம்மா, வேண்டாம்" என்றான் வெஸ் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் பேச எழவில்லை. பின்கதவுக்குப் போனாள். குப்பைப் பை அங்கேதான் சாய்ந்திருந்தது, அதன் மேல் மஞ்சள் கையுறை. கையுறையை நகர்த்திவிட்டு, கசங்காத ஒரு பூவைத் தேடி எடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்து நின்றாள். பேச்சு அடங்கியது.

"விருந்து என்னோடது" என்றாள். "எல்லாரும் வயிறாரச் சாப்பிடணும்."

பூவை வாயில் வைத்துக் கடித்தாள்.

நாற்காலிகள் சரசரவென்று பின்னால் நகர்ந்தன. கோரினின் நாற்காலி கவிழ்ந்தே விட்டது. பல் டாக்டர் போனைத் தேடிச் சட்டைப்பையையும் கால்சட்டைப்பையையும் மாறி மாறித் தட்டினார். "ஆம்புலன்ஸ், யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றாள் கோரின், நிஜமாகவே முகம் வெளிறி. ஆம்புலன்ஸை ஓட்டுகிறவன் கடைசி மேசையில்தான் இருந்தான். அவன் கறியை மென்றுகொண்டே டார்லாவைப் பார்த்தான், அவள் கையிலிருந்த தண்டைப் பார்த்தான், இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டான்.

கெல்சிதான் ஓடி வந்தாள். மேசையைச் சுற்றி வராமல் இரண்டு பேரைத் தள்ளிவிட்டு வந்து டார்லாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "துப்புங்க டார்லா. துப்பிடுங்க. எதுக்கு இப்படிப் பண்றீங்க, துப்புங்க." அவள் அழுதுகொண்டிருந்தாள். இன்னொரு கையை டார்லாவின் வாய்க்குக் கீழே ஏந்தினாள், குழந்தைக்கு ஏந்துவது போல. டார்லா மென்றுகொண்டிருந்தாள். பூவில் ருசி ஒன்றும் இல்லை, கேரட் இலை மாதிரி லேசான கசப்பு. உதட்டில் நீலம் ஏறியிருந்தது.

"வெஸ், வந்து பிடி, உங்கம்மா..." என்று திரும்பினாள் கெல்சி.

வெஸ் உட்கார்ந்திருந்தான். கூடம் முழுக்க நின்றுகொண்டிருந்தபோது அவன் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான். கையில் கிளாஸ் இருந்தது. அவன் முகத்தில் பயம் இல்லை. ஊரார் முன்னால் அம்மா இப்படிச் செய்கிறாளே என்ற எரிச்சல்தான் இருந்தது.

கெல்சி அவனைப் பார்த்தாள். அவன் காலைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், திரும்பவும் முகத்தைப் பார்த்தாள்.

"நீ ஏன் எந்திரிக்கல?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கிளாஸை வைத்தான், எழுந்தான், "அம்மா, துப்பும்மா" என்றான். பிந்திவிட்டது.

டார்லா நினைத்திருந்தால் அவனைக் காப்பாற்றியிருக்கலாம். பாவம் பையன், அதிர்ச்சியில் கால் வரவில்லை என்று ஒரு வார்த்தை போதும். கெல்சி நம்பியிருப்பாள், நம்பத்தான் அவள் துடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவன் பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உடைத்தபோதும், காரைப் பள்ளத்தில் இறக்கியபோதும், பொய் சொன்னபோதும், அந்த ஒரு வார்த்தையை டார்லா எங்காவது தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கும் நாக்கு நுனியில் இருந்தது. அவள் விழுங்கினாள், பூவோடு சேர்த்து.

"பயப்படாதம்மா" என்று கெல்சியின் கையைத் தட்டிக்கொடுத்தாள். "இது விஷம் இல்லை. அவனுக்கு நாலு வயசுலேர்ந்தே தெரியும். நேத்து எங்க வீட்டுல தண்டைத் தடவிப் பார்த்துட்டுத்தான் போனான்."

கெல்சி அவள் மணிக்கட்டை விட்டாள். பின்கதவுப் பக்கம் பார்த்தாள். குப்பைப் பைக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் கையுறை, அவன் விரல் இருந்த உருவம் கலையாமல் கிடந்தது.

"தெரிஞ்சுகிட்டே அதைப் போட்டுக்கிட்டியா?" என்று கேட்டாள்.

"கெல்சி, இங்க வேண்டாம். அப்புறம் பேசிக்கலாம்."

"உங்கம்மாவைக் கை கழுவ வச்சாங்க. நீ பார்த்துக்கிட்டு நின்ன."

கோரின் ஏதோ சொல்ல வந்தாள். மகள் அவள் பக்கம் திரும்பிய வேகத்தில் அதை விழுங்கிக்கொண்டாள். கெல்சி மேசையில் நகர்த்தி வைக்கப்பட்டிருந்த தன் தட்டை எடுத்துக்கொண்டு கடைசி மேசைக்கு நடந்து போனாள். தீயணைப்புப் பையன்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

டார்லா உட்கார்ந்தாள். தட்டை இழுத்து முட்டைக்கோஸைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள், பசித்தவள் மாதிரி. மகன் தன்னைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அதே பார்வை. அவள் நிமிரவில்லை.

"உக்காந்து சாப்பிடு" என்றாள். "ஆறிடும்."